ஆர்எக்ஸ் 100-க்கு 135 பிளாக் வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். என்னுடைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், இருவர் ஏறினால் ஊட்டிச் சாலை ஏற்றத்தில் திணறுகிறது. பிளாக் (சிலிண்டர்) தேய்ந்துவிட்டதால், போர் அடிப்பதற்கு (உட்துளையைக் கடைந்து பெரிதாக்குவதற்கு)ப் பதிலாக ஆர்எக்ஸ் 135 பைக்கின் பிளாக் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். கோவையில் ஒரு கடையில் பிளாக்கும் பிஸ்டனும் செட்டாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

பதில்: உங்கள் வண்டியின் போரும் (சிலிண்டர் துளையின் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ. என்பதால் கொள்ளளவு 98 சி.சி.; 135-இல் ஸ்ட்ரோக் அதே 50 ஆக இருக்க, போர் மட்டும் 58 மி.மீ. என்பதால் அது 132 சி.சி. ஆகிறது. பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க் தண்டை மாற்றாமலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது என்பதுதான் இதன் கவர்ச்சி. ஆயினும், திணறலுக்கு எது காரணம் என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் சமவெளியைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைந்த காற்றே எஞ்சினுக்குக் கிடைக்கிறது. சமவெளியிலுள்ள மேட்டுப்பாளையத்துக்குப் பொருந்தும் ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளைத் திருகு) இங்கே பெட்ரோலை மிகுதியாகத் தரும். ஆகவே ஓவர்சைஸ் (சற்றே பெரிய அளவு) பிஸ்டன் வாங்கிப் போர் அடித்து, ஓர் அளவு சிறிய ஜெட் பொருத்தி, முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் சக்கரத்தில்) ஒரு பல் குறைத்து ஓட்டிப் பாருங்கள். 14 பல் 13 ஆனாலே இழுவை ஏழு விழுக்காட்டுக்கு மேல் கூடும். ஆனால் சமவெளிக்கு இறங்கும்போது பழைய ஜெட்டையே மாட்ட வேண்டும். இல்லையேல் பெட்ரோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் சீஸ் ஆகிவிடும் (சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்).

அதன் பிறகும் 135 தான் வேண்டுமென்றால், பெரிய லைனர் (பிளாக்கின் உள்ளுறை) இறங்குவதற்காக கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) வாயை லேத்தில் கடைய வேண்டியிருக்கும் என்பதை அறிந்துகொள்ளுங்கள். எஞ்சின் எண் பொறித்த பாகத்தில் செய்யும் அந்த வேலையைத் திரும்பப் பெற முடியாது. ஹெட்டும் 135-க்கு உரியதாகவே இருக்கட்டும். கடையில் பிளாக்கின் உட்புறத்தில் விரலை விட்டு, போர்ட்டுகளின் (வாயு போய்வரும் துளைகளின்) விளிம்பு மழுங்கச் சீவப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கூரான விளிம்புள்ள மலிவான பிளாக் ஒன்றை நான் ஒருமுறை கவனியாமல் வாங்கி, மூன்றே வாரத்தில் பிஸ்டன் ரிங் ஒடிந்து, புதுப் பிஸ்டனையும் இழந்தேன். பிஸ்டனையும் பிளாக்கையும் சேர்த்தே லேத் பட்டறைக்குக் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடில் ஆட்டம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பெரிய பிஸ்டன் போடுவது வீண் செலவு.

என் கருத்தில் நீங்கள் 135 பிளாக்கைத் தவிர்ப்பதே நல்லது. ஆர்.சி.யில் குறிக்கப்பட்ட சி.சி.க்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கவும் இது இடம் தரும்.

எந்தப் பாகத்தை வாங்கினாலும், பிளாக்கின் அளவும் பிஸ்டனின் அளவும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். பொருள் குறையுடையதாக இருந்தால், கடை கோவையில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் நீலகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்கலாம்.