ரா சாக்லேட் ரா டயட்டுல சேருமா? தினமும் மூணு ஸ்பூன் போடுற வாசகிக்கு பதில்

கோவையில இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. வயசு 36. ஏழு மாசமா ரா டயட், அதாவது இயற்கை உணவு மட்டும்தான், அடுப்புல வச்சது எதுவும் கிடையாது, பழம், தேங்காய், முளைகட்டின பயறு, காலையில பாலக்கீரையும் பாதாமும் போட்ட ஸ்மூத்தி. இனிப்பு ஆசைக்கும் மக்னீசியத்துக்கும்னு ஆன்லைன்ல ரா ககாவோ பவுடர், அதாவது வறுக்காத கோகோ பவுடர் வாங்கி தினமும் ராத்திரி வாழைப்பழம், பேரீச்சை, ஊறவச்ச முந்திரியோட மூணு டேபிள்ஸ்பூன் போட்டு அடிச்சு குடிக்கிறாங்க. ரெண்டு மாசமா தூக்கம் வர மாட்டேங்குது, படுத்தா நெஞ்சு படபடன்னு அடிக்குது, போன மாசம் எடுத்த ரத்தப் பரிசோதனையில ஹீமோகுளோபின் 10.2. "வறுத்த கோகோதான் கெடுதல், ராவா இருந்தா அது சூப்பர்ஃபுட்னு எங்க குரூப்ல சொல்றாங்க, வீட்டுக்காரர் எதுவா இருந்தாலும் சாக்லேட் சாக்லேட்தான்ங்கறார், எது சரி?"ன்னு கேட்டிருக்காங்க.

முதல்ல ராத்திரி குடிக்கிறத இன்னைக்கே நிறுத்திடுங்க, மீதிய அப்புறம் நிதானமா படிங்க. கோகோவுல தியோபுரோமின்னு ஒரு பொருள் இருக்கு, காபியில இருக்கிற கஃபீனுக்கு கூடப்பிறந்த மாதிரி. பவுடர்ல ஏறக்குறைய 2 சதவீதம். உங்க மூணு டேபிள்ஸ்பூன்ங்கிறது 15 கிராமுக்கு மேல வரும், அப்போ 300 மில்லிகிராம் தியோபுரோமின், கூடவே 30-40 மில்லிகிராம் கஃபீன். தியோபுரோமின் உடம்புல பாதியா குறையவே 7 மணி நேரத்துக்கு மேல ஆகும், கஃபீன விட மெதுவா வெளிய போற சரக்கு அது, ராத்திரி 9 மணிக்கு குடிச்சீங்கன்னா விடியக்காலம் 4 மணிக்கும் பாதி உள்ளதான் சுத்திட்டு இருக்கும். எல்லாருக்கும் படபடப்பு வராது, சிலருக்கு நல்லாவே வரும். வறுத்தாலும் வறுக்காட்டியும் இந்த அளவு பெருசா மாறாது, அதனால "ரா"ங்கறதுனால இதுல உங்களுக்கு ஒரு சலுகையும் இல்ல. ஆனா படபடப்புக்கு கோகோ மட்டும்தான் காரணம்னு நான் எழுத மாட்டேன், 10.2ங்கற குறைஞ்ச ஹீமோகுளோபினுக்கே நெஞ்சு அடிக்கும், தைராய்டுலயும் அடிக்கும், ஒரு வாரம் நிறுத்தியும் குறையலன்னா டாக்டர்கிட்ட போய் ஒரு ஈசிஜி எடுத்துடுங்க, தள்ளிப்போடாதீங்க.

இப்போ அந்த "ரா"ங்கற வார்த்தைக்கு வரேன். நீங்க பணத்தையும் நம்பிக்கையையும் அதுலதான் போட்டிருக்கீங்க.

கோவையில இருந்து பொள்ளாச்சி, ஆனைமலை பக்கம் போனீங்கன்னா தென்னந்தோப்புக்குள்ள ஊடுபயிரா கோகோ நிக்கிறத பார்க்கலாம், மரத்தோட தண்டுலயே ஒட்டிக்கிட்டு மஞ்சளும் சிவப்புமா காய் தொங்கும். ஒரு தோப்புல நான் நாள் முழுக்க நின்னு பார்த்திருக்கேன். பழத்த உடைச்சா உள்ள வெள்ளையா வழவழன்னு சதை, அதுக்குள்ள விதை. அந்த சதையோடவே விதைய குவிச்சு வாழை இலை, சாக்கு போட்டு மூடி அஞ்சாறு நாள் புளிக்க வைக்கிறாங்க. ரெண்டாம் நாளுக்கு மேல அந்தக் குவியலுக்குள்ள கைய விட்டா வச்சிருக்க முடியல, சுடுது, 45-ல இருந்து 50 டிகிரி வரைக்கும் தன்னால ஏறும், யாரும் தீ மூட்டறது இல்ல, அதுக்குள்ள இருக்கிற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பண்ற வேலை. ரா உணவுக்காரங்க பொதுவா வச்சிருக்கிற எல்லை 42 டிகிரி, சிலர் 48 வரைக்கும் விடுவாங்க. அப்போ பாருங்க, வறுக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே, தோட்டத்துலயே அந்த 42 டிகிரி கோட்ட அது தாண்டிடுச்சு. இன்னொண்ணு, அந்த சூட்டுலயும் புளிப்பு அமிலத்துலயும் விதைக்குள்ள இருக்கிற முளை செத்துப்போகும், சாகணும், அது செத்து உள்ள இருக்கிறது எல்லாம் கலந்தாத்தான் பின்னாடி சாக்லேட் வாசனையே பிறக்கும். புளிக்க வைக்காத விதைய மென்னு பாருங்க, கசப்பும் துவர்ப்பும்தான், சாக்லேட்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதனால "உயிருள்ள உணவு"ங்கற பேச்சு முளைகட்டின பயறுக்கு பொருந்தும், கோகோவுக்கு பொருந்தாது.

அப்புறம் களத்துல வெயில்ல காயப்போட்டு, தோல் நீக்கி, அரைச்சு, எண்ணெய் பிழிஞ்சு எடுத்தாத்தான் பவுடர். அரைக்கிறப்ப கல்லு உரசுற சூடு, பிழியற மிஷின் அழுத்துற சூடு. கவனமா கம்மி சூட்டுல பண்றவங்க இருக்காங்க, நான் இல்லன்னு சொல்லல, ஆனா ரா சாக்லேட்னா இத்தனை டிகிரிக்குள்ளன்னு உலகம் பூரா ஒத்துக்கிட்ட ஒரு வரையறை கிடையாது, பாக்கெட் மேல போடுறவர் சொல்றதுதான் கணக்கு. இதுல இன்னும் வேடிக்கையா எனக்கு படுறது அந்த ரா சாக்லேட் பார்ல மீதி என்ன சேருதுங்கறது. தென்னஞ்சர்க்கரைன்னு போட்டிருக்கும், தென்னம்பாளையில இறக்கின சாற மணிக்கணக்கா கொதிக்க வச்சு பாகு காய்ச்சாம சர்க்கரை எப்படி வரும், கருப்பட்டி காய்ச்சறத பார்த்தவங்களுக்கு இத நான் சொல்லத் தேவையே இல்ல. முந்திரி, பண்ருட்டி பக்கம் கேட்டுப் பாருங்க, கொட்டைய ஆவியில வேகவச்சோ வறுத்தோதான் உடைப்பாங்க, ஓட்டுல இருக்கிற எண்ணெய் கையையே பொத்துப்போக வச்சிடும். நீங்க ராத்திரி ஊறவச்சு போடுற முந்திரியும் அப்படி சூடு பட்டு வந்ததுதான்.

வறுத்தா சத்து போயிடும்ங்கறதுல உண்மை இருக்கு, கொஞ்சம். கோகோவுல இருக்கிற ஃபிளவனால்ங்கற பொருள்தான் ரத்தக்குழாய்க்கு நல்லதுன்னு பேசப்படுறது. பனாமா நாட்டு சான் பிளாஸ் தீவுகள்ல குனா மக்கள்னு இருக்காங்க, வயசானாலும் அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு அதிகம் வரல, தினமும் நிறைய கோகோ குடிக்கிறாங்கன்னு பார்த்துத்தான் ஆராய்ச்சியே சூடு பிடிச்சுது. இந்த ஃபிளவனால் புளிக்க வைக்கிறப்பவே ஒரு பெரிய பங்கு குறையுது, காயறப்ப இன்னும் குறையுது, வறுக்கறப்ப மறுபடி, எல்லாத்தையும் விட பெரிய அடி எதுன்னா கோகோவ கார உப்பு (ஆல்கலி, மிளகாய்க் காரம் இல்ல) போட்டு கருப்பாக்குறது, டச்சு முறைன்னு சொல்வாங்க. அதனால வறுக்காததா வறுத்ததாங்கறத விட காரம் போட்டதா போடாததாங்கற கேள்விதான் பெருசு. 2022-ல காஸ்மோஸ்னு ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்துச்சு, அமெரிக்காவுல 21,000 பேருக்கு மேல, பாதிப்பேருக்கு தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளவனால், மாத்திரையா. மொத்த இதய நோய் நிகழ்வுகள்ல உறுதியா சொல்ற அளவு வித்தியாசம் வரல, இதயநோய் சாவு மட்டும் குறைவா இருந்துச்சு. நம்பிக்கை தர்ற விஷயம்தான், ஆனா அது ரா சாக்லேட் இல்ல, கோகோவுல இருந்து பிரிச்சு எடுத்து அளந்து கொடுத்த மாத்திரை. பாக்கெட்ல ஓராக் மதிப்பு (ஆன்டிஆக்ஸிடன்ட் சக்திய அளக்கற ஒரு நம்பர்) இத்தனை ஆயிரம்னு போட்டிருந்தா அத பார்த்து மயங்காதீங்க, அந்தப் பட்டியல அமெரிக்க விவசாயத்துறையே 2012-ல தன் தளத்துல இருந்து எடுத்துடுச்சு, டெஸ்ட் டியூப்ல வர்ற நம்பருக்கும் உடம்புக்குள்ள நடக்கறதுக்கும் சம்பந்தம் காட்ட முடியலன்னு.

வறுக்காததுல ஒரு ஆபத்து இருக்கு, அத குரூப்ல யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. விதைய திறந்த களத்துல காயப்போடறாங்க, கோழி நடக்கும், பல்லி ஓடும், மண் தூசி பறக்கும். அதுல சால்மோனெல்லா கிருமி ஒட்டிச்சுன்னா சாதாரண சாக்லேட் கம்பெனியில 120 டிகிரிக்கு மேல வறுக்கறப்ப செத்துடும், அந்த வறுவல் ருசிக்கு மட்டும் இல்ல, கிருமிய கொல்ற முக்கியமான படியும் அதுதான். ரா-வுல அந்தப் படியே கிடையாது. சாக்லேட்ல ஈரம் கம்மி, கொழுப்பு அதிகம், இந்தக் கிருமி அதுக்குள்ள மாசக்கணக்கா உயிரோட இருக்கும், 1973-74-ல கனடாவுலயும் அமெரிக்காவுலயும் சாக்லேட் மூலமா பரவினப்ப நோய்ப்பட்டதுல நிறைய பேர் சின்னக் குழந்தைங்க. வீட்டுல குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தா வறுக்காத கோகோ கொடுக்காதீங்க, இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

உங்க விஷயத்துல எனக்கு அதைவிட கவலை இரும்பு. பாக்கெட்ல "இரும்புச்சத்து நிறைஞ்சது"ன்னு இருக்கும், பொய் இல்ல, 100 கிராமுக்கு 14 மில்லிகிராம் மாதிரி இருக்கத்தான் செய்யுது, ஆனா அதே கோகோவோட துவர்ப்புப் பொருள் இரும்ப பிடிச்சு வச்சுக்கும், குடல் உறிஞ்ச விடாது. ரொட்டியோட கோகோ குடிக்க வச்சு பார்த்த ஒரு ஆய்வுல இரும்பு உறிஞ்சற அளவு பாதிக்கும் கீழ போச்சு, சாப்பாட்டோட டீ குடிக்காதீங்கன்னு நாங்க சொல்றது எதுக்கோ அதே காரணம். நம்ம நாட்டுல 15-ல இருந்து 49 வயசு பொண்ணுங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு தேசிய குடும்பநல ஆய்வு சொல்லுது, நீங்களும் அதுக்குள்ளதான் நிக்கிறீங்க, செடியில இருந்து வர்ற இரும்ப மட்டும் நம்பியிருக்கிற ஆள், அந்த இரும்புக்கு தினமும் ஒரு பூட்டு போட்டுக்கிறீங்க.

அடுத்தது ஆக்ஸலேட், சிறுநீரகக் கல்லுக்கு காரணமாகிற உப்பு. கோகோ பவுடர்ல அது நிறைய, உங்க மூணு ஸ்பூன்லயே 100 மில்லிகிராம் பக்கம் வரும், கல்லு வந்தவங்களுக்கு நாள் முழுக்கவே அவ்வளவுக்குள்ள இருங்கன்னுதான் சொல்லுவோம். இதுல காலையில பச்சையா பாலக்கீரை, பாதாம் வேற, ரெண்டும் ஆக்ஸலேட்டுக்கு பேர்போனது. பாலக்கீரைய தண்ணில வேகவச்சு வடிச்சா ஓரளவு போயிடும், நீங்க வேகவைக்கறதும் இல்ல. பச்சைக்கீரை ஸ்மூத்தி குடிச்சே கிட்னி பழுதானவங்க மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்காங்க, பயமுறுத்த சொல்லல, ஒரே நாள்ல மூணு வழியா போகுதேன்னுதான் சொல்றேன். கீரைய மாத்தறது சுலபம், பாலக்குக்கு பதில் கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் போடுங்க.

காட்மியம்னு ஒரு கன உலோகம் இருக்கு, மண்ணுல இருந்து மரம் உறிஞ்சி விதையில சேர்த்து வைக்கும், பெரு, ஈக்வடார் மாதிரி தென்னமெரிக்க நாட்டு கோகோவுல மேற்கு ஆப்பிரிக்காவ விட பொதுவா கூடுதல், ரா ககாவோன்னு விக்கிறதுல நிறைய பெரு சரக்குதான். ஐரோப்பாவுல 2019-ல இருந்து கோகோ பவுடருக்கு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம்னு எல்லை வச்சிருக்காங்க. அந்த எல்லையில இருக்கிற பவுடரையே நீங்க 15 கிராம் எடுத்தா 9 மைக்ரோகிராம், 60 கிலோ ஆளுக்கு ஐரோப்பிய கணக்குல நாளுக்கு 21 மைக்ரோகிராம் வரைக்கும்தான், கோகோ ஒண்ணே கிட்டத்தட்ட பாதிய தின்னுடுது, அரிசி, கீரை, விதைகள்ல வர்றது தனி. இரும்பு குறைவா இருக்கிற உடம்பு காட்மியத்த கூடுதலா வேற உறிஞ்சும். இதுவும் வறுத்தா போறதும் இல்ல, வறுக்காட்டி வராம இருக்கறதும் இல்ல.

சரி, மக்னீசியத்துக்காக குடிக்கிறேன்னு எழுதியிருந்தீங்க. 15 கிராம்ல 75 மில்லிகிராம் கிடைக்கும். ஒரு கைப்பிடி பூசணி விதையில அதுக்கு ரெண்டு மடங்கு இருக்கு, தூக்கத்தையும் கெடுக்காது.

அதனால உங்க கேள்விக்கு என் பதில் இப்படி: முழுசா ரா-வா இருக்கணும்ங்கறது உங்க கொள்கைன்னா கோகோவ விட்டுடுங்க, அது இல்லாம உங்க உணவுல ஒரு சத்தும் குறையப்போறது இல்ல, ஆரோக்கியத்துக்காகத்தான் ரா-ங்கறீங்கன்னா வறுத்த, காரம் போடாத கோகோ வாங்குங்க, அதுதான் உங்களுக்கு பாதுகாப்பு, ஒரு டீஸ்பூன், குவிக்காம, வாரத்துல மூணு நாலு தடவை, மதியம் 2 மணிக்கு முன்னாடி, சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரமாவது தள்ளி. காபி மாதிரி நினைச்சு குடிக்கணும், காய்கறி மாதிரி நினைச்சு இல்ல. லேபிள்ல 500, 501னு நம்பர் இருந்தா காரம் போட்டதுன்னு அர்த்தம், ரொம்ப கருப்பா இருந்தாலும் அப்படித்தான், லேசான செம்பழுப்பு நிறம்தான் வேணும். ஹீமோகுளோபின் 12 தொடுற வரைக்கும் அதுவும் வேணாம்.

நிஜமான ரா கோகோ எதுன்னு கேட்டா, அந்த வெள்ளச் சதைதான். சீசன்ல பொள்ளாச்சி பக்கம் தெரிஞ்ச விவசாயி இருந்தா ரெண்டு பழம் கேட்டு வாங்கி, அங்கயே உடைச்சு, விதைய கடிக்காம சதைய மட்டும் சப்பி சாப்பிட்டுப் பாருங்க, மங்குஸ்தானும் எலுமிச்சையும் கலந்த மாதிரி ஒரு புளிப்பு இனிப்பு, அவ்வளவு நல்லா இருக்கும். ராத்திரி இனிப்பு ஆசைக்கு சீதாப்பழமோ சப்போட்டாவோ தேங்காய்ப்பாலோட அடிச்சு குடிங்க.

கடைசியா, நீங்க கேட்காத ஒண்ணு. ஜெர்மனியில கீசன் பல்கலைக்கழகத்துக்காரங்க பல வருஷம் பச்சை உணவுலயே இருந்தவங்கள பார்த்து 1999-ல எழுதினாங்க, 45 வயசுக்கு கீழ இருந்த பெண்கள்ல ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தப்பிப்போயிருந்துச்சு, இல்ல நின்னே போயிருந்துச்சு. உங்களுக்கு தேதி சரியா வருதா, ஏழு மாசத்துல எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு எழுதுங்க. ரத்தத்துல ஃபெரிட்டின் (உடம்பு சேர்த்து வச்சிருக்கிற இரும்போட அளவ காட்டறது), பி12, தைராய்டு மூணும் பார்த்துடுங்க, பழம் தேங்காய் பயறு எதுலயும் பி12 கிடையாது, ரிப்போர்ட் எப்படி வந்தாலும் இந்த உணவு முறையில இருக்கிற வரைக்கும் பி12 மாத்திரைய டாக்டர்கிட்ட அளவு கேட்டு போட்டுட்டே இருக்கணும்.