ஆஸ்பத்திரி இலவசம்தானே, பிறகு ஏன் 'சுகாதார சமநீதி'?

ஒருவரின் ஊர், மொழி, கையிலுள்ள காசு இவற்றால் அவருடைய உடல்நலம் பின்தங்காதபடி வைத்தியசாலை தன் நடைமுறையையே மாற்றிக்கொள்வதுதான் சுகாதார சமநீதி. எல்லாருக்கும் ஒரே மாதிரிச் செய்வது அல்ல. ஊர் முழுக்க ஒரே நீளக் கயிறு கொடுத்தால், ஆழக் கிணற்று வீட்டு வாளி தண்ணீரைத் தொடாது.

இலங்கையில் அரச வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். ஆனால் திருகோணமலை மாவட்டத்தின் தெற்கு எல்லை ஊரான வெருகலில் இருந்து திருகோணமலை நகரத்துக் கிளினிக்குக்கு வரும் சீனி வருத்தக்கார அம்மா ஒருவரை நினைத்துப் பாருங்கள். விடிய முன்னம் பஸ். அன்றைய கூலி போச்சு. வந்து சேர்ந்தால் கடைசி நம்பர்த் துண்டு. மருந்து உறையில் தெரியாத மொழி. இரண்டு தரம் வராமல் விட்டால் கொப்பியில் 'ஒழுங்காக வருவதில்லை' என்று விழும். பிழை யாருடையது?

வராதவர்களை ஊர்வாரியாக எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். தூரத்து ஆட்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கலாம், உறையில் தமிழ், சிங்களம் இரண்டும் அச்சிடலாம். முக்கியம், இது நிர்வாகத்தின் எழுத்து விதியாக இருக்க வேண்டும். நல்ல மனதுள்ள ஒரு தாதியை நம்பியிருந்தால், அவருடைய இடமாற்றத்தோடு அதுவும் போய்விடும்.

'அப்ப நகரத்தாருக்குக் குறையுமோ?' என்று கேட்பவர்கள் உண்டு. உறையில் தமிழ் சேர்வதால் சிங்களம் அழிவதில்லை. நேரம் குறித்தால் நகரத்தாரின் வரிசையும்தான் குறையும்.