வெளிநாட்டில் கேச் தேடப் போகிறவர்களுக்கு: கையடக்க ஜி.பி.எஸ். கேள்வி பதில்

யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, அதன் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) மட்டும் வைத்துத் தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே திரும்ப வைப்பதுதான் ஜியோகேச்சிங். அந்த டப்பாவைத்தான் 'கேச்' என்பார்கள். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் போகிற நம் டெல்டாக்காரர்களில் சிலர் இதில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கும்பகோணம்: ஐயா, மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள். அடுத்த மாதம் போகிறோம். மாப்பிள்ளை கார்மின் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ் என்ற கையடக்க ஜி.பி.எஸ். கருவி ஒன்று கொடுத்திருக்கிறார். கையில் போன் இருக்கும்போது இது எதற்கு?

சிங்கப்பூர் நகரத்துக்குள் மட்டும் என்றால் போனே போதும். ஆனால் மழையில், காட்டுப்பாதையில், உச்சிவெயிலில் போன் திணறும். படம் எடுத்து, வீட்டுக்குப் பேசி, வரைபடமும் பார்த்தால் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். ஈட்ரெக்ஸுக்கு இணையமும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். இரண்டு செல் போட்டால் ஒரு முழுநாள் தாராளமாக ஓடும். இரண்டையும் எடுத்துப்போங்கள். ஆண்ட்ராய்டு போன் என்றால் சி:ஜியோ செயலியில் அதே கேச்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். போகிற ஊரைப் பற்றி அந்தக் கருவிக்கு எதுவும் தெரியாது. நீங்கள் வீட்டில் உட்கார்ந்து ஏற்றியது மட்டும்தான் அதில் இருக்கும்.

மன்னார்குடி: அண்ணா, கேச் விவரங்களைக் கருவிக்குள் எப்படி ஏற்றுவது?

ஜியோகேச்சிங்.காம் தளத்தில் கட்டண உறுப்பினராக இருந்தால் 'பாக்கெட் குவெரி' என்ற வசதி இருக்கும். ஒரு இடத்தை மையமாகக் கொடுத்து, அதைச் சுற்றியுள்ள கேச்களை ஒரே கோப்பாக வாங்கலாம். ஒரு குவெரியில் 1,000 கேச் வரை வரும். கோப்பு ஜிப்பாக வந்தால் விரித்து, உள்ளே இருக்கும் ஜி.பி.எக்ஸ். கோப்பை (ஜி.பி.எஸ். கருவிகள் படிக்கும் வகைக் கோப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். கருவியைக் கேபிளில் கணினியோடு இணைத்தால் பென்டிரைவ் போலத் தெரியும். அதில் 'கார்மின்' ஃபோல்டருக்குள் 'ஜி.பி.எக்ஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் போட்டுவிட்டு முறையாக 'இஜெக்ட்' செய்த பிறகே கேபிளைக் கழற்றுங்கள். அப்புறம் கருவியின் ஜியோகேச் பட்டியலைத் திறந்து பெயர், குறிப்பு, முந்தையவர்கள் எழுதிய பதிவுகள் எல்லாம் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆயிரம் வருகிறதே என்று ஆயிரத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. தங்கும் வீட்டைச் சுற்றி ஒரு வட்டம், போகப்போகிற இடங்களைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவு போதும். சமீபத்தில் யாராவது கண்டுபிடித்த கேச்களாகப் பொறுக்குங்கள். கடைசி நாலைந்து பதிவும் 'கிடைக்கவில்லை' என்று இருந்தால் டப்பாவே காணாமல் போயிருக்கலாம். குறுகிய பயணத்தில் அதன் பின்னால் அலைய நேரம் கிடையாது. தேடுவது எவ்வளவு கடினம், போகும் நிலப்பரப்பு எவ்வளவு கடினம் என்று இரண்டுக்கும் 1 முதல் 5 வரை தரம் போட்டிருப்பார்கள். முதல் முறை போகிறவர்கள் இரண்டிலும் 2-ஐத் தாண்ட வேண்டாம்.

'மிஸ்ட்ரி' வகையில் ஒரு விஷயம். பெரும்பாலும் பக்கத்தில் போட்டிருக்கும் ஆயத்தொலைவில் டப்பா இருக்காது. புதிரை விடுவித்தால்தான் உண்மையான இடம் தெரியும். அதை வீட்டிலேயே விடுவித்து, கிடைத்த எண்ணைக் கருவியில் திருத்திவிட்டுக் கிளம்புங்கள்.

இலவசக் கணக்குக்காரர்கள் நாலைந்து கேச்சைக் கையாலேயே பதிந்துகொள்ளலாம். பதியும்போது எங்கே கவனம் வேண்டும் என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

திருவாரூர்: சார், எண்ணைச் சரியாகத்தான் அடித்தேன். ஆனால் கருவி எங்கேயோ காட்டுகிறது. பழுதா?

பழுது இல்லை, தம்பி. எண்ணை எழுதும் முறையில்தான் சிக்கல்.

தஞ்சைப் பெரிய கோயிலை எடுத்துக்கொள்வோம். பாகையைத் தசமத்தில் எழுதினால் வடக்கு 10.7828, கிழக்கு 79.1318. கேச் பக்கங்களில் பாகையும் தசம நிமிடமுமாக எழுதுவார்கள்: வடக்கு 10° 46.968', கிழக்கு 79° 07.908'. இரண்டும் ஒரே இடம்தான். ஆனால் இரண்டாவது எண்ணை யாராவது 10.46968, 79.07908 என்று அடித்துவிட்டால், கோயிலுக்குச் சுமார் 35 கிலோமீட்டர் தெற்கே போய் நிற்பார். ஒரு பாகைக்கு 60 நிமிடம், 100 இல்லை என்பதால் வரும் வித்தியாசம் இது.

கருவியின் அமைப்புகளில் 'பொசிஷன் ஃபார்மட்' பகுதிக்குப் போய்ப் பாகை, தசம நிமிடம் என்ற வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் கீழேயே இருக்கும் 'மேப் டேட்டம்' (ஆயத்தொலைவைக் கணக்கிட அடிப்படையான பூமி அளவுமுறை) டபிள்யூ.ஜி.எஸ். 84 ஆக இருக்க வேண்டும். பழைய கருவியை யாரிடமாவது வாங்கியிருந்தால் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். நிமிடத்தின் மூன்றாம் தசமத்தில் ஒரு எண் மாறினால் வடக்கு தெற்கில் 1.85 மீட்டர்தான் நகரும். முதல் தசமத்தில் மாறினால் 185 மீட்டர்.

இன்னொன்று, நம் ஊரில் எல்லாமே வடக்கும் கிழக்கும் என்பதால் அந்த எழுத்துகளைக் கவனிக்கும் பழக்கமே நமக்கு இருக்காது. பாலித் தீவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ போனால் அது தெற்கு. லண்டனில் தீர்க்கரேகையின் பூஜ்யக் கோடே ஊருக்குள் கிரீன்விச் வழியாகப் போகிறது. காலையில் தேடும் கேச் மேற்கிலும் சாயங்காலம் தேடுவது கிழக்கிலும் இருக்கலாம்.

பட்டுக்கோட்டை: மலேசியா வரைபடம் வெறும் வெள்ளையாக இருக்கிறது.

கருவியோடு வரும் விரிவான வரைபடம் பெரும்பாலும் அதை விற்ற பகுதிக்கு உரியது. மற்ற நாடுகளுக்குப் பெரிய சாலைகளும் கடற்கரையும் மட்டும் தெரியும். பொதுமக்களே சேர்ந்து உருவாக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தின் தகவலிலிருந்து கார்மினுக்காகச் செய்த வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. போகும் நாட்டுக்கு உரிய ஐ.எம்.ஜி. கோப்பை இறக்கி, மைக்ரோ எஸ்.டி. கார்டில் 'கார்மின்' என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அதில் போடுங்கள். கார்டு ஃபேட் 32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்ததும் மற்ற வரைபடங்களை அணைத்துவிடுங்கள், திரை வேகமாக நகரும். ஆனால் கிளம்பும் முன்பே, வரைபடத்தை அந்த ஊர் வரை நகர்த்திப் பார்த்து, தெருக்கள் தெரிகின்றனவா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாகப்பட்டினம்: போன தடவை கோலாலம்பூரில் இறங்கியதும் ரொம்ப நேரம் சாட்டிலைட் பிடிக்கவே இல்லை, அண்ணா.

கருவியை இங்கே அணைத்து அங்கே போட்டால், அது இன்னும் நாகையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டு, நாகை வானத்தில் இருக்க வேண்டிய செயற்கைக்கோள்களைத் தேடும். எந்தக் கோள் எங்கே என்ற மொத்தப் பட்டியலையும் செயற்கைக்கோள் அனுப்பி முடிக்க 12.5 நிமிடம் ஆகும். அதனால் இறங்கியதும் திறந்தவெளியில், நடக்காமல், இருபது நிமிடம் சும்மா வைத்திருங்கள். அறைக்குள் ஜன்னலோரம் வைத்தால் சரிப்படாது. நேரத்தைப் பெரும்பாலும் கருவியே மாற்றிக்கொள்ளும்.

மயிலாடுதுறை: பேட்டரி?

சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே அளவு செல்தான். ரீசார்ஜ் ஆகும் நிக்கல் செல் நாலு, சார்ஜர் ஒன்று. குளிர் நாட்டுக்குப் போனால் லித்தியம் செல் வாங்குங்கள், சாதாரண செல் குளிரில் சீக்கிரம் படுத்துவிடும். எந்த வகை போட்டீர்களோ அதையே அமைப்பிலும் தேர்ந்தெடுத்தால்தான் அளவு சரியாகக் காட்டும். உபரி லித்தியம் பேட்டரியும் பவர்பேங்கும் கைப்பையில்தான் போக வேண்டும். 22எக்ஸ் கருவிக்கு மினி யு.எஸ்.பி. கேபிள் தேவை. இப்போது கடைகளில் அது எளிதில் கிடைப்பதில்லை, மறக்காமல் எடுத்துவையுங்கள்.

திருத்துறைப்பூண்டி: ஏர்போர்ட்டில் பிடித்துவைப்பார்களா?

சிக்னலை வாங்க மட்டும் செய்கிற சாதாரண கருவி என்றால் பொதுவாகப் பயமில்லை. போகும் நாட்டின் விதியை ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள். சீனாவில் அனுமதி இல்லாமல் நில அளவை செய்வது குற்றம். அங்கத்திய இணைய வரைபடங்களும் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை, சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது திரும்பி வருகிறவர்களுக்கு. கார்மின் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவராதீர்கள். சாட்டிலைட் போனுக்கு உள்ள தடையே அதற்கும் பொருந்தும். அப்படிக் கொண்டுவந்த பயணிகள் கைதாகியிருக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே வாங்கி, திருச்சியில் இறங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

தஞ்சாவூர்: கிளம்பும் முன் எங்கே பழகலாம்?

வயல் வரப்பைவிட நல்ல இடம் இல்லை, வானம் முழுக்கத் திறந்திருக்கும். வரப்பில் ஒரு டப்பாவை வைத்து இடத்தைப் பதிந்துவிட்டு, தூரமாகப் போய்த் திரும்பித் தேடிவாருங்கள். மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் வரை தள்ளிக் காட்டினால் அது இயல்பு. அதையே தென்னந்தோப்பில் செய்யுங்கள், பிழை கூடும். சிங்கப்பூரின் உயரமான கட்டடங்களுக்கு நடுவில் இன்னும் கூடும். 22எக்ஸில் மின் திசைகாட்டி கிடையாது, நீங்கள் நடந்தால்தான் அம்பு சரியான பக்கம் திரும்பும். கடைசிப் பத்து மீட்டரில் திரையை விட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்.

2000 மே 1 வரை அமெரிக்கா பொதுமக்கள் சிக்னலை வேண்டுமென்றே மழுப்பி அனுப்பியது, பிழை 100 மீட்டர் வரை போகும். அதை நிறுத்திய உடனே, மே 3 அன்று ஆரிகன் மாநிலத்தில் முதல் டப்பா ஒளித்துவைக்கப்பட்டது. இந்த விளையாட்டே அந்தத் துல்லியத்தில் பிறந்ததுதான்.

வேதாரண்யம்: டப்பாவில் இருப்பதை எடுத்துக்கொண்டு பதிலுக்கு வைக்க நம் ஊர்ப் பொருள் என்ன கொண்டுபோகலாம், ஐயா?

தின்பண்டம் எதுவும் கூடாது. விளையாட்டின் விதியே அது, பிராணிகள் வந்து கிளறிவிடும். நெல்மணி, விதை, மண் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சுங்கத்தில் இவற்றுக்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. நாச்சியார்கோயில் பித்தளையில் சின்னஞ்சிறு உருப்படி, சிறிய தலையாட்டி பொம்மை, இவை ஒரு பிள்ளையின் கையில் கிடைத்தால் எவ்வளவு மகிழ்ச்சி! எடுத்ததற்குச் சமமானதை அல்லது மேலானதை வைப்பதே மரியாதை. நகரத்து டப்பாக்கள் பலவும் விரல் நுனி அளவுதான், தாள் மட்டுமே இருக்கும். பேனாவை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

ஒரத்தநாடு: துபாயில் வேலை. லீவில் வரும்போது நம் ஊரில் ஒரு கேச் வைத்துவிட்டுப் போகலாமா, அண்ணா?

தாராளமாக வைக்கலாம், ஆனால் பராமரிக்க உள்ளூரில் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல், பயணத்தில் வைத்துவிட்டுப் போகும் கேச்சை அனுமதிப்பதில்லை. இன்னொரு டப்பாவிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இடத்துக்காரரின் சம்மதமும் வேண்டும். பெரிய கோயில், தாராசுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களைத் தொடவே தொடாதீர்கள். வாய்க்கால் கரையில் வைப்பதானால் ஐப்பசி மழையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு, அதற்கு மேலே வையுங்கள்.