சம்மனருக்கு எந்த ஃபீட்? பத்தாங் பெர்ஜுந்தை மேசையின் கேள்வி பதில்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கிற எங்கள் ஊரின் பெயரைப் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினாலும் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். இங்கே ஞாயிறு மாலைகளில் பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு (தாயம் உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் மேசை விளையாட்டு) ஆட வருகிற புதியவர்களில் பலர் வேற்றுலக உயிர்களை வரவழைக்கும் சம்மனர் பாத்திரத்தை எடுத்துவிட்டு, ஃபீட் (பாத்திரத்துக்குத் தேர்ந்தெடுக்கும் சிறப்புத் திறன்) பக்கத்தில் முட்டி நிற்கிறார்கள். அவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

அண்ணா, முதல் லெவல், மனித இனம். இரண்டு ஃபீட் கிடைக்கிறது. எதை எடுக்க?

ஃபீட் பட்டியலைக் கொஞ்சம் மூடிவை தம்பி. சண்டையில் உனக்கு முன்னால் நிற்கப்போவது ஐடலானா (சம்மனரோடு பிணைந்த துணை உயிர்), அவ்வப்போது வரவழைக்கிற மிருகங்களா? அதை முதலில் முடிவு செய். மிருகங்களை வரவழைக்கிற 'சம்மன் மான்ஸ்டர்' திறனை ஒரு நாளைக்கு 3 தடவையும், அதோடு கரிஸ்மா (ஆளுமை) மாடிஃபையர் எவ்வளவோ அத்தனை தடவையும் பயன்படுத்தலாம். ஆனால் ஐடலான் வெளியே இருக்கும்போது அது வேலை செய்யாது. இரண்டுக்கும் ஆளுக்கொரு ஃபீட் என்று பங்கு போட்டால், எந்தச் சண்டையிலும் ஒரு ஃபீட் சும்மா கிடக்கும்.

மிருகங்கள்தான் என்றால் ஸ்பெல் ஃபோகஸை கஞ்சுரேஷனுக்கு (வரவழைக்கும் மந்திர வகை) எடு, கூடவே ஆக்மென்ட் சம்மனிங். முதலாவது இல்லாமல் இரண்டாவது கிடைக்காது. மனிதனுக்குக் கூடுதல் ஃபீட் இருப்பதால் முதல் லெவலிலேயே இரண்டும் முடிந்துவிடும், மற்ற இனங்கள் பெரும்பாலும் மூன்றாம் லெவல் வரை காத்திருக்க வேண்டும்.

கழுகை எடுத்துக்கொள். இரண்டு கால்நகம், ஒரு அலகு, மூன்றுக்கும் டி4 (நான்கு முகத் தாயம்) சேதம். ஆக்மென்ட் அதன் பலத்தையும் உடல்வலுவையும் 4 ஏற்றும், அதனால் ஒவ்வொரு அடிக்கும் 2 சேதம் கூடுகிறது. சராசரி 2.5 இருந்தது 4.5 ஆகிவிடும். ஒரு விஷயம் கவனி: கழுகு வெப்பன் ஃபினெஸ் என்ற ஃபீட்டை வைத்து லாகவத்தால் தாக்குகிறது, அதனால் குறி தவறாமல் அடிக்கும் வாய்ப்பு கூடாது. பலத்தால் தாக்குகிற மிருகம் என்றால் இரண்டும் கூடும்.

இதே சம்மன் மான்ஸ்டரை முதல் லெவல் விசர்ட் (மந்திரவாதி) மந்திரமாகப் போட்டால் ஒரு முழு ரவுண்டு செலவாகும், வந்த மிருகமும் ஒரே ரவுண்டில் மறைந்துவிடும். உனக்கு ஒரே ரவுண்டுக்குள் முடிகிற ஸ்டாண்டர்ட் ஆக்‌ஷன் போதும், லெவலுக்கு ஒரு நிமிடம் நிற்கும். ஒரு நிமிடம் என்றால் பத்து ரவுண்டு. என்னைக் கேட்டால் சம்மனரின் உண்மையான பலம் இதுதான், படம் வரைய அழகாக இருக்கிற ஐடலான் இல்லை.

ஆக்மென்ட் சம்மனிங் ஐடலானுக்கும் பலிக்குமா?

பலிக்காது. அது சம்மன் மந்திரத்தால் வருவதில்லை, ஒரு நிமிடச் சடங்கில் வருவது.

எனக்கு ஐடலான்தான் பிடிக்கும். அப்படியென்றால், அண்ணா?

பிடித்ததை ஆடு தங்கச்சி. முதல் ஃபீட் எக்ஸ்ட்ரா எவல்யூஷன். ஐடலானின் உடலை மாற்றியமைக்கிற ஒரு புள்ளிதான் தரும், ஆனால் நாம் ஆடுகிற 2010 புத்தகத்தின் சம்மனருக்கு ஆரம்பத்தில் இருப்பதே 3 புள்ளி. நாலுகால் உடல் என்றால் பவுன்ஸ் (பாய்ந்து வந்த வேகத்திலேயே எல்லாத் தாக்குதலும் செய்வது) ஒரு புள்ளிக்கே கிடைத்துவிடும். ஐந்தாம் லெவலில் இதே ஃபீட்டை மறுபடி எடுக்கலாம்.

அடுத்து ரெசிலியன்ட் ஐடலான். நீ மயங்கினாலோ தூங்கினாலோ ஐடலான் அந்த நொடியே மறைந்துவிடும். எதிரி ஒரு 'ஸ்லீப்' மந்திரம் போட்டால் உங்கள் அணியில் இரண்டு பேர் காலி. இந்த ஃபீட் இருந்தால் உன் லெவல் எத்தனையோ அத்தனை ரவுண்டு அது நிற்கும், அதற்குள் யாராவது உன்னை உலுக்கி எழுப்பிவிடலாம். நம் மேசையில் ஜிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) சம்மனரைத்தான் முதலில் குறிவைப்பார். பெயர் சொல்ல வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

தோட்டத்து முனியாண்டியை ஐடலானாக வைக்கலாமா? பாட்டி திட்டுகிறார்.

நான் பாட்டி பக்கம். படையல் வாங்குகிற காவல் தெய்வம், உன் கட்டளைக்கு ஓடி வந்து கோப்ளினைக் கடிக்கிறது என்று எழுதினால் கதையாகவே ஒட்டாது.

ஆவிதான் வேண்டும் என்றால் 2015இல் 'ஆகல்ட் அட்வென்ச்சர்ஸ்' புத்தகத்தில் வந்த ஸ்பிரிச்சுவலிஸ்டைப் பார். அங்கே துணைக்கு வரும் ஃபேன்டம், இறந்த ஒருவரின் ஆவி. கோபம், பயம், அர்ப்பணிப்பு போன்ற ஏதோ ஓர் உணர்ச்சி அதைப் பிடித்து வைத்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட லயத்தில் இறந்தும் தன் ஆட்களை விட்டுப் போக மனமில்லாத ஒரு கிழவர், அர்ப்பணிப்பு ஃபேன்டம். பாட்டியே கூட இரண்டு கதை எடுத்துக் கொடுப்பார்.

ஃபீட் கணக்கு இங்கே வேறு. மந்திரத்துக்குக் கரிஸ்மா இல்லை, விஸ்டம். ஃபேன்டம் உன் மனதுக்குள் ஒடுங்கியிருக்கும்போது, அதன் உணர்ச்சிக்குரிய திறமைகளில் ஸ்கில் ஃபோகஸ் ஃபீட் உனக்குச் சும்மா கிடைக்கும், அதைக் காசு கொடுத்து வாங்காதே. மந்திரங்களில் உணர்ச்சிக் கூறு உள்ளதை, பயம் பிடித்திருக்கும்போது போடவே முடியாது. அதனால் வில் சேவ் (மனதைத் தாக்கும் மந்திரத்தைத் தாங்கும் உருட்டல்) ஏற்கெனவே நன்றாக இருந்தாலும், அதைக் கூட்டுகிற அயர்ன் வில் ஃபீட் வீண் இல்லை.

சுப்பீரியர் சம்மனிங் எப்போது எடுக்கலாம்? எங்கள் மேசையில் ஏற்கெனவே ஆட்டம் மெதுவாகப் போகிறது.

மூன்றாம் லெவலிலிருந்து எடுக்கலாம் சார், ஆக்மென்ட் கையில் இருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட மிருகங்களை அழைக்கும்போது இன்னொன்று கூட வரும். ஒரு படி கீழ்ப் பட்டியலிலிருந்து டி3 (1 முதல் 3) மிருகங்கள் வர வேண்டியது என்றால் 2 முதல் 4 வரை வரும். தாயம் 1 விழுந்தால் மட்டும் எண்ணிக்கை ஒன்றுதான் என்பதால் கூடுதல் வருமா என்று வாக்குவாதம் வரும், ஜிஎம்மிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மெதுவாகப் போவதற்கு ஃபீட்டில் மருந்து இல்லை. அழைக்கிற மிருகங்களின் எண்களை ஆக்மென்ட் கூட்டியே வீட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், எல்லாத் தாக்குதலுக்கும் தாயத்தைச் சேர்த்து உருட்டுங்கள். அதற்கும் நேரமில்லாதவர் இந்த ஃபீட்டை எடுக்க வேண்டாம்.

புத்தகம் வாங்கியே ஆகணுமா?

வேண்டாம். ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ் தளத்தில் விதிகள் இலவசம். சம்மனர் பக்கம் இரண்டு இருக்கும்: 2010இன் பழையது, 2015இன் திருத்திய வடிவமான அன்செய்ன்டு. பிரித்தறிய ஓர் அடையாளம்: வேகம் கூட்டும் ஹேஸ்ட் மந்திரம் பழையதில் இரண்டாம் நிலை, புதியதில் மூன்றாம் நிலை. நாங்கள் ஆடுவது பழையது.