விரதமும் மாத்திரை டப்பாவும்: வாங்கும் முன் சில கேள்விகள்

கேள்வி: கால்சியம் மாத்திரை வாங்கப் போனேன். ஒரு டப்பாவில் 1250 மில்லிகிராம், இன்னொன்றில் 500 மில்லிகிராம் என்று இருந்தது. விலை ஒன்றுதான். பெரிய எண் போட்டதை வாங்குவதுதானே லாபம்?

பதில்: இரண்டும் ஒன்றாகவே இருக்க வாய்ப்பு அதிகம். கால்சியத்தைத் தனியாக மாத்திரையாக்க முடியாது. ஏதாவது ஓர் உப்பாகத்தான் வரும். 1250 மில்லிகிராம் என்பது அநேகமாகக் கால்சியம் கார்பனேட்டின் எடை. அதில் 40 சதவீதம்தான் கால்சியம், அதாவது 500 மில்லிகிராம். ஒரு கம்பெனி உப்பின் எடையை முகப்பில் போடுகிறது, இன்னொன்று கால்சியத்தின் எடையைப் போடுகிறது. இரண்டிலும் பொய் இல்லை, ஆனால் ஏமாறுவது நாம்தான். கால்சியம் சிட்ரேட் என்றால் இன்னும் குறைவு, சுமார் 21 சதவீதம்.

இரும்புச்சத்திலும் இதே கதைதான். 325 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட்டில் உள்ள இரும்பு 65 மில்லிகிராம். மீன் எண்ணெய் கேப்சூலில் 1000 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்ந்து சாதாரண வகையில் 300 மில்லிகிராம்தான். மீதி வெறும் எண்ணெய்.

அதனால் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். சத்தின் அளவு எவ்வளவு, அது எத்தனை மாத்திரைக்கு என்ற இரண்டையும் பாருங்கள். 'ஒரு வேளை அளவு: 2 மாத்திரை' என்று பொடி எழுத்தில் போட்டிருந்தால், தினம் ஒரு வேளை போட்டாலே 60 மாத்திரை டப்பா 30 நாளில் தீர்ந்துவிடும். விலையை மாத்திரை எண்ணிக்கையால் வகுக்காமல், மொத்தச் சத்தின் அளவால் வகுத்துப் பார்த்தால் எது மலிவு என்று தெரியும். பல பொருள்களை ஒன்றாகச் சேர்த்து 'தனிக் கலவை' என்று மொத்த எடையை மட்டும் சொல்லும் டப்பாவில் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. நானாக இருந்தால் அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன்.

இன்னொன்று: ஒரே நேரத்தில் 500 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் போனால் உடல் உறிஞ்சும் விகிதம் குறைகிறது. 'ஒரே மாத்திரையில் 1000' என்பதற்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண்.

கேள்வி: 16 மணி நேர விரதம் ஆரம்பித்திருக்கிறேன். அதற்கென்று டீ, பவுடர், கட்டணச் செயலி என்று விளம்பரமாக வருகிறது. எதை வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம். சாப்பிடாமல் இருப்பதற்குக் காசு கேட்கிறார்கள் என்பதே எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. தண்ணீர் போதும், பாலும் சர்க்கரையும் சேர்க்காத காபி, டீ குடிக்கலாம்.

'உடலைச் சுத்தம் செய்யும்' டீக்களில் பலவற்றில் நிலாவரை இருக்கும். அது பேதி மருந்து. எடை குறைந்ததாகக் காட்டுவது தண்ணீர் வெளியேறியதால்தான். விரதத்தின் முதல் சில நாள்களில் மளமளவென்று எடை இறங்குவதிலும் பெரும்பங்கு தண்ணீர்தான். உடலில் சேமித்த கிளைகோஜன் என்ற மாவுச்சத்து கரையும்போது, அதோடு ஒட்டியிருந்த நீரும் போய்விடும். கொழுப்பு அவ்வளவு வேகத்தில் கரையாது.

'நோபல் பரிசு பெற்ற அறிவியல்' என்று போட்டிருந்தால் அதையும் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமி 2016இல் பரிசு வாங்கியது செல்கள் தம் பழைய பாகங்களைத் தாமே சிதைத்து மறுபடி பயன்படுத்தும் முறைக்காக. அவர் முக்கியமாக ஆராய்ந்தது ஈஸ்ட் செல்களை, பவுடர் பாக்கெட்டுகளை அல்ல.

சரி, விரதம் பயன் தருமா? 2022இல் சீனாவில் நடந்த ஓர் ஆய்வு வெளிவந்தது. உடல்பருமன் உள்ள 139 பேர், ஓராண்டு. இரு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் குறைப்பு. ஒரு குழு மட்டும் காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் சாப்பிட்டது. எடைக் குறைவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நேரக் கட்டுப்பாடு உங்களைக் குறைவாகச் சாப்பிட வைத்தால் பலன் உண்டு. 8 மணி நேரத்துக்குள் வழக்கமானதையெல்லாம் சாப்பிட்டு முடித்தால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

செயலியை ஏற்கெனவே இலவசச் சோதனைக்கு எடுத்திருந்தால், போனிலிருந்து நீக்கியதும் சந்தா நின்றுவிடாது. சந்தாப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்யுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். அவரும் என்னோடு விரதம் இருக்க ஆசைப்படுகிறார்.

பதில்: மருத்துவரைப் பார்க்காமல் வேண்டாம். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மருந்துகளைப் போட்டுக்கொண்டு பட்டினி இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளில் வேறொரு சிக்கல்: சர்க்கரை அளவு அதிகமாகத் தெரியாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறக்கூடும். மருந்தின் அளவையும் நேரத்தையும் முதலில் மருத்துவர் மாற்றித் தரட்டும்.

கேள்வி: விரத நேரத்தில் சத்து மாத்திரைகளை எப்போது போடுவது?

பதில்: வைட்டமின் டி கொழுப்பில் கரைவது, கால்சியம் கார்பனேட்டுக்கு வயிற்று அமிலம் வேண்டும். இரண்டையும் சாப்பாட்டோடு போடுங்கள். இரும்பு வெறும் வயிற்றில் நன்றாக ஏறும், ஆனால் சிலருக்குக் குமட்டும். அப்படியானால் சாப்பாட்டோடு போடலாம். டீ, காபி, கால்சியம் மூன்றும் இரும்பைத் தடுக்கும், அதனால் இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதற்கும் கால்சியம் அல்லது இரும்புக்கும் நடுவே 4 மணி நேரம் விட வேண்டும்.

கேள்வி: முடிக்குப் பயோட்டின் வாங்கலாமா?

பதில்: பயோட்டின் ஒரு பி வைட்டமின். அதன் குறைபாடு அரிது. குறைபாடு இல்லாதவர்களுக்கு முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்பு தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே எச்சரித்திருக்கிறது. சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தினமும் 10,000 அடி நடக்க ஸ்மார்ட் வாட்ச் அவசியமா?

பதில்: 10,000 என்ற எண்ணே 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். வயதான பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. மிகக் குறைவாக நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 அடியிலேயே நல்ல வேறுபாடு இருந்தது. வாட்ச் பிடித்திருந்தால் வாங்குங்கள். வெறுமனே அடி எண்ணத்தான் என்றால் பையில் இருக்கும் போனே எண்ணும்.