புல்மோட்டை மணலும் கலாநிதிப் பட்டமும்: கேள்வி பதில்

உயர்தரப் பிள்ளைகள், கம்பஸில் இருப்பவர்கள், ஓர் அப்பா, ஒரு டீச்சர் என்று பலர் இரசாயன ஆராய்ச்சி பற்றியும் அதில் மேற்படிப்பு பற்றியும் கேள்வி அனுப்பியிருந்தார்கள். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: ஊர் திருகோணமலை. பேராதனையில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம், ஜப்பானில் கலாநிதிப் பட்டம், இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் மின்னிரசாயனம் படிப்பிக்கிறேன்.

தர்ஷினி, உப்புவெளி: மிஸ், பௌதிக இரசாயனம் என்றால் எங்களுக்குச் சமநிலைக் கணக்கும் வீதக் கணக்கும்தான். அதை வைத்து வாழ்நாள் முழுக்க என்ன ஆராய்ச்சி செய்வது?

அதே கணக்குகளைத்தான் நாங்களும் செய்கிறோம் தங்கச்சி, புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இருக்காது, அவ்வளவுதான். உங்கள் போன் பற்றரியை எடுங்கள். சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் கிராபைட் படைகளுக்கு இடையில் போய் உட்காருகின்றன. எவ்வளவு வேகமாகப் போகலாம், எது தடுக்கிறது, இரண்டு வருடத்தில் ஏன் பற்றரி சோர்ந்துபோகிறது என்று கேட்டால் வெப்ப இயக்கவியல், தாக்க வீதம், மேற்பரப்பு எல்லாம் உள்ளே வந்துவிடும். இந்தப் பற்றரிக்காக 2019 இல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் நொபெல் பரிசு கிடைத்தது. அதில் விட்டிங்ஹாம் 1970களில் இந்த வேலையைத் தொடங்கியது எக்ஸன் என்ற எண்ணெய்க் கம்பனியின் ஆய்வுகூடத்தில்! 2025 நொபெல் பரிசும் இந்தப் பக்கம்தான்: உலோகமும் சேதன மூலக்கூறும் சேர்ந்து கட்டிய, உள்ளே வெற்றிடம் நிறைந்த பளிங்குகள். பாலைவனக் காற்றிலிருந்து தண்ணீர் பிடிக்கக்கூட அவற்றைப் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள்.

ரிஸ்வான், புல்மோட்டை: எங்கள் மணலை அப்படியே கப்பலில் ஏற்றி விற்கிறோம். இங்கேயே டைட்டேனியம் டைஒக்சைட் செய்தால் என்ன? அதைப் படிக்க எந்தத் துறைக்குப் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன் தம்பி.

புல்மோட்டைக் கடற்கரை மணலில் உள்ள கனியங்களில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் மூன்றும் முக்கியம். இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஒக்சைட். தூய இல்மனைட்டின் சூத்திரத்தை வைத்துக் கணக்குப் பார்த்தால் எடையில் 52.6 சதவீதம் டைட்டேனியம் டைஒக்சைட். வெள்ளைப் பெயின்ட், பிளாஸ்டிக், கடதாசி எல்லாவற்றுக்கும் வெண்மை கொடுப்பது அதுதான். அப்படியானால் ஏன் இங்கே செய்யவில்லை என்று மேடைகளில் கேட்பது சுலபம். சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் சிக்கல் தெரியும். சல்பூரிக் அமில முறையில் ஒரு மூல் இல்மனைட்டுக்கு இரண்டு மூல் அமிலம் வேண்டும். அதாவது ஒரு தொன் வெள்ளைத் தூளுக்குக் குறைந்தது இரண்டரைத் தொன் அமிலம். பக்கவிளைவாக வரும் பெரசு சல்பேற்றை நீரேற்றிய பளிங்காக நிறுத்தால் ஏறக்குறைய மூன்றரைத் தொன். அதைக் கடலிலா கொட்டுவது? கொக்கிளாய்க் களப்பு பக்கத்தில் இருக்கிறது, மீனவர்கள் இருக்கிறார்கள். மற்ற வழி குளோரின் முறை. கழிவு குறைவு. ஆனால் ஏறக்குறைய 1000 பாகை செல்சியஸில் குளோரின் வாயுவைக் கையாள வேண்டும். சிறிய ஆலைக்கு அது கட்டுப்படியாகாது.

ஆகவே நல்ல ஆராய்ச்சிக் கேள்வி ஆலையிலிருந்து தொடங்காது, அமிலத்திலிருந்து தொடங்கும். எப்படிக் குறைந்த அமிலத்தில் கரைப்பது? பந்து அரைப்பியில் மணலை நன்றாக அரைத்தால் பளிங்கமைப்பு குலைந்து வேகமாகக் கரையும். எவ்வளவு வேகமாக என்பதை வெவ்வேறு வெப்பநிலையில் அளந்து ஏவற்சக்தியை, அதாவது தாக்கம் நடக்கத் தாண்டவேண்டிய சக்தித் தடையைக் கணிக்கலாம். அது பெரிதாக வந்தால் மணல்துணிக்கையின் மேற்பரப்பில் நடக்கும் தாக்கம்தான் தடை. சிறிதாக வந்தால் அயன்கள் நகர்ந்து வருவதுதான் தடை, அப்போது அரைப்பதும் கலக்குவதும் உதவும். உயர்தரத்தில் படித்த அரீனியஸ் வரைபு, வேறொன்றுமில்லை. மிஞ்சும் இரும்பை என்ன செய்யலாம், நீர் சுத்திகரிப்புக்கு உதவுமா என்பது இன்னொரு முழுக் கலாநிதிப் பட்டம்.

பெயின்ட்டை விட்டு வேறு பக்கமும் பாருங்கள். 1972 இல் ஃபுஜிஷிமாவும் ஹொண்டாவும் டைட்டேனியம் டைஒக்சைட் மின்வாயில் ஒளி பட்டால் நீர் பிரிகிறது என்று காட்டினார்கள். குறை என்னவென்றால் அதன் அனற்றேஸ் என்ற பளிங்கு வகைக்கு (ரூட்டைல் இன்னொரு வகை) சக்தி இடைவெளி, அதாவது இலத்திரனைக் கிளப்ப ஒளி கொடுக்கவேண்டிய சக்தி, 3.2 இலத்திரன் வோல்ட். 390 நனோமீற்றருக்குக் கீழான புற ஊதாவை மட்டுமே உறிஞ்சும். சூரிய ஒளியில் அது நூற்றுக்கு ஐந்தளவுதான். அந்தக் குறையைத் தீர்க்க, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் சாயத்தை அதன்மேல் பூசினார்கள். அதுவே சாயச் சூரியக் கலத்துக்கு வழி. அதில் எங்கள் நாட்டுக்கும் பங்கு உண்டு. ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னக்கோன் குழு, கலத்தில் இருந்த திரவத்தை எடுத்துவிட்டுச் செப்பு அயடைட்டை வைத்து முழுத் திண்மக் கலம் செய்து 1995 இல் வெளியிட்டது. இன்றைக்கும் அந்த ஆய்வுக் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறார்கள்.

துறையா? இரசாயனவியல், பௌதிகவியல், பொருட்பொறியியல் எதுவும் சரி. பெயர்ப்பலகை முக்கியமில்லை.

ஓர் அப்பா, தம்பலகாமம்: மகனுக்குப் பொறியியல் கிடைக்கவில்லை, விஞ்ஞான பீடம்தான். இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் செய்தால் வேலை இருக்கிறதா?

அண்ணா, இருக்கிறது. ஆனால் பட்டத்தைக் காட்டினால் மட்டும் கிடைக்காது. சீனன்குடாவில் சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது, புல்மோட்டையில் கனியமணல் இருக்கிறது, நீர் வழங்கல் சபைக்கு ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் மாதிரியை எடுத்துச் சரியாக அளந்து, அளவு பிழைத்தால் ஏன் என்று சொல்லத் தெரிந்த ஆள்தான் தேவை. மகனிடம் பொதுப் பட்டம் மூன்று வருடம், சிறப்புப் பட்டம் நான்கு வருடம் என்பதை மட்டும் பேசாமல், கடைசி வருட ஆய்வுத் திட்டத்தில் எந்தக் கருவியைத் தன் கையால் இயக்குவான் என்று கேளுங்கள்.

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியே கிடைக்காத பிள்ளைகளுக்கும் ஒரு கதவு உண்டு: இலங்கை இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் இரசாயனப் படிப்பு. கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும், கொழும்பில் தங்க வேண்டும், ஆனால் அதை முடித்தவர்கள் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் வரை போயிருக்கிறார்கள்.

பிரசாந்த், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மூதூர்ப் பையன்: அக்கா, பெரிய கருவி எதுவும் கைக்கெட்டுவதில்லை. இந்த நிலையில் என்ன ஆராய்ச்சி செய்வது?

கருவி இல்லாதது உண்மைதான், அதை மழுப்பப் போவதில்லை. ஆனால் எக்ஸ் கதிர் விளிம்புவளைவுக் கருவி (மாதிரியில் எந்தப் பளிங்கு என்று காட்டுவது) இருக்கிற இடத்திலும் அதில் மாதிரியை வைத்துவிட்டு, வந்த வரைபை மென்பொருள் சொன்னபடி நம்பிவிட்டுப் போகிற மாணவர்களை நிறையப் பார்க்கிறேன்.

மூன்று வழி சொல்கிறேன். முதலாவது, மின்னிரசாயனம். பொற்றன்சியோஸ்ற்றாற் என்பது மின்வாயின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தி மின்னோட்டத்தை அளக்கும் கருவி, இந்தத் துறைக் கருவிகளில் மலிவானது. கட்டும் முறையைத் திறந்த வடிவமைப்பாகவே பலர் வெளியிட்டிருக்கிறார்கள். மின்னணுவியல் தெரிந்த நண்பன் ஒருவன் இருந்தால் சேர்ந்து கட்டலாம். துருப்பிடித்தல், உணரிகள், பற்றரிப் பொருட்கள் எல்லாவற்றுக்கும் அது போதும். துறைமுகமும் உப்புக் காற்றும் உள்ள ஊரில் துருப்பிடித்தலை ஆராய மாதிரிக்குப் பஞ்சமா?

இரண்டாவது, கணினி. இலத்திரன் அடர்த்தியை வைத்து மூலக்கூறின் சக்தியைக் கணிக்கும் முறைக்காக வோல்ட்டர் கோன் 1998 இல் நொபெல் பெற்றார். அந்தக் கணிப்பைச் செய்யும் ஓர்கா மென்பொருள் கல்வித்துறைக்கு இலவசம். பளிங்குகளுக்குக் குவாண்டம் எஸ்பிரெசோ, அது யாருக்கும் இலவசம். சிறிய மூலக்கூறுகளை மடிக்கணினியிலேயே ஓட்டலாம். மெட்டீரியல்ஸ் புரொஜெக்ட் என்ற தரவுத்தளத்தில் பெருந்தொகையான பளிங்குகளின் கணிப்புகள் திறந்து கிடக்கின்றன.

மூன்றாவது, கேட்பது. ஹோமாகமையில் நனோ தொழில்நுட்ப நிறுவகம், ஹந்தானை, பேராதனை, யாழ்ப்பாணம் என்று கருவி உள்ள இடங்களுக்கு உங்கள் மேற்பார்வையாளர் மூலம் எழுதிக் கேளுங்கள். “எல்லாச் சோதனையும் வேண்டும்” என்று கேட்டால் கிடைக்காது. “இந்த மூன்று மாதிரிகளில் அனற்றேஸா ரூட்டைலா என்று பார்க்க வேண்டும்” என்று கேட்டால் கிடைக்கும்.

பலர்: எந்த நாடு நல்லது? முதுமாணி செய்துவிட்டா, நேரடியாகவா?

நாட்டைத் தெரிவுசெய்வதைவிட மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்வதுதான் பெரிது. அந்தக் குழுவில் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். ஒருவரும் முடிக்காத குழுவும் உண்டு, அது எந்தப் புகழ்பெற்ற பல்கலைக்கழகத்திலும் இருக்கலாம்.

சரி, நாடுகள். அமெரிக்காவுக்கு நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரடியாகக் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரசாயனத் துறைகள் பெரும்பாலும் கட்டணத்தை விலக்கி, கற்பித்தல் உதவியாளர் வேலையும் உதவித்தொகையும் தருகின்றன. ஐந்து வருடம் அல்லது கூடப் போகும். பல துறைகள் ஜீஆர்ஈ என்ற நுழைவுப் பரீட்சையைக் கேட்பதை விட்டுவிட்டன. விண்ணப்பிக்கக் கடைசித் திகதி பெரும்பாலும் டிசம்பரில். விண்ணப்பக் கட்டணத்தை விலக்கும்படி எழுதிக் கேட்கலாம், கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஜேர்மனியில் பொதுவாக முதுமாணி கேட்பார்கள். அரச பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்குப் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குத் தவணைக்கு 1500 யூரோ. கலாநிதி மாணவர் அங்கே அநேகமாகச் சம்பளம் வாங்கும் ஊழியர். ஜப்பானில் அரசின் மெக்ஸ்ற் புலமைப்பரிசில், தூதரகம் மூலமும் பல்கலைக்கழகம் மூலமும் இரண்டு வழி. முதுமாணி இரண்டு வருடம், அப்புறம் மூன்று வருடம். இந்தியாவை ஏனோ எங்கள் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள். இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் உண்டு, திடநிலை இரசாயனத்தில் பெங்களூரு உலகத் தரம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: இந்தத் துறையில் சொந்தக் காசு கட்டிக் கலாநிதிப் பட்டம் செய்யாதீர்கள். காணியை ஈடுவைத்துப் போகவேண்டிய படிப்பு இதில்லை. உதவித்தொகை தராத இடம் உங்களை வேண்டும் என்று நினைக்கவில்லை.

நஸ்ரின், கிண்ணியா: பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் போட்டுப் போட்டுக் களைத்துவிட்டேன், ஒரு பதிலும் இல்லை.

அனுப்பிய ஒன்றை எனக்கும் காட்டினீர்கள், அதனால் சொல்கிறேன். முதல் பந்தி முழுக்க அவரைப் புகழ்ந்திருக்கிறீர்கள். அவர் பெயரை மாற்றினால் அதே கடிதம் யாருக்கும் போகும், அது அவருக்கும் தெரியும். அவருடைய அண்மைய ஆய்வுக் கட்டுரை ஒன்றை உண்மையாகவே வாசித்து, உங்களுக்கு விளங்காத ஓர் இடத்தைக் கேளுங்கள். அடுத்து, நீங்கள் கையால் செய்தது என்ன என்று இரண்டு வரி. அடுத்து, எந்த வருடம் சேர விரும்புகிறீர்கள், அவர் குழுவில் இடம் உண்டா. பெறுபேற்றுத் தாளை இணைத்துவிடுங்கள். பத்து வரிக்குமேல் வேண்டாம். ஒரே துறையில் உள்ள ஐந்து பேருக்கு ஒரே நாளில் அனுப்பாதீர்கள், அவர்கள் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள்.

கஜன், சம்பூர்: தமிழ் மூலம் படித்தேன். ஆங்கிலம் பயமாக இருக்கிறது.

ஆய்வுக் கட்டுரை ஆங்கிலம் சின்ன ஆங்கிலம். சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். உங்கள் தலைப்பில் வாரம் ஒரு கட்டுரையின் செய்முறைப் பகுதியை மட்டும் வாசித்து, தமிழில் யாருக்காவது சொல்லிக் காட்டுங்கள். பேச்சு ஆங்கிலம் போன இடத்தில் வரும்.

பெயர் வேண்டாம் என்றவர், லிங்கநகர்: கலாநிதிப் பட்டம் முடிய முப்பதாகிவிடும், பிறகு யார் கட்டுவார் என்று வீட்டில் கேட்கிறார்கள்.

வீட்டாரிடம் வயதைப் பற்றி வாதாடி வெல்ல முடியாது, நான் முயன்று பார்க்கவில்லை, மற்றவர்கள் முயன்றதைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகைக் கடிதம் கையில் வந்த பிறகு பேசுங்கள், பேச்சின் தொனியே மாறும். கட்டுவதானால் போகுமுன் கட்டிக்கொண்டு போனவர்களும் உண்டு, போன இடத்தில் பிள்ளை பெற்றுப் பட்டமும் பெற்றவர்களும் உண்டு. “கட்டிய பிறகு படிக்க விடுகிறோம்” என்ற வாய் வாக்குறுதியை மட்டும் நம்பாதீர்கள்.

சுரேன், நிலாவெளி: ஒரு சஞ்சிகை மூன்று நாளில் ஏற்றுக்கொள்வதாக எழுதியிருக்கிறது. காசு கட்டட்டுமா?

வேண்டாம். கட்டுரையை மூன்று நாளில் இரண்டு பேர் ஒழுங்காக வாசித்திருக்க முடியாது. திறந்த அணுக்கத்துக்கு, அதாவது எல்லாரும் இலவசமாக வாசிக்கும்படி வெளியிட, எழுதியவரிடம் காசு வாங்கும் நல்ல சஞ்சிகைகளும் உண்டுதான், ஆனால் அவை தாமாக உங்களைத் தேடி “மதிப்புக்குரிய அறிஞரே” என்று எழுதுவதில்லை. உங்கள் துறைப் பேராசிரியர் அந்தச் சஞ்சிகையை எப்போதாவது மேற்கோள் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்.

மதுரா, உவர்மலை: திரும்பி வந்து இங்கே விரிவுரையாளர் ஆவது எப்படி?

வழக்கமான பாதை: முதல் வகுப்பு அல்லது இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, தற்காலிக உதவி விரிவுரையாளர், பிறகு தகுதிகாண் விரிவுரையாளர், அந்தக் காலத்துக்குள் மேற்பட்டம், பிறகு சிரேஷ்ட விரிவுரையாளர். கற்கை விடுமுறையில் வெளிநாடு போனால் திரும்பி வந்து வேலை செய்வேன் என்று முறி எழுதித்தான் போவீர்கள். திரும்பாவிட்டால் பணம் கட்ட வேண்டும், பிணை நின்ற மாமாவுக்கும் சேர்த்துத் தலைவலி. கலாநிதிப் பட்டத்தோடு நேரடியாக வருவதும் உண்டு, ஆனால் வெற்றிடம் எப்போது விளம்பரமாகும் என்பது உங்கள் கையில் இல்லை. வந்த பிறகு படிப்பிக்கும் நேரம் ஆராய்ச்சியைத் தின்றுவிடும். தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதிக்கு விண்ணப்பிக்கலாம். வெளிநாட்டுப் பழைய குழுவுடன் உறவை விடாமல் வைத்திருப்பவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள்.

ஒரு டீச்சர், குச்சவெளி: எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் உண்மையான ஆராய்ச்சி போல ஏதாவது செய்ய முடியுமா?

டானியல் கலம் செய்யுங்கள் டீச்சர். நாகத் தகடு, செப்புத் தகடு, இரண்டு சல்பேற்றுக் கரைசல், பொற்றாசியம் நைத்திரேற்றில் நனைத்த வடிதாள் உப்புப் பாலமாக. சாதாரண மல்டிமீட்டர் போதும், 1.1 வோல்ட் அளவில் காட்டும். இனி நாகப் பக்கத்தை மாற்றாமல், செப்புக் கரைசலை மட்டும் 1, 0.1, 0.01, 0.001 மோலர் என்று ஐதாக்கி அளக்கச் சொல்லுங்கள். செறிவோடு வோல்ட் எப்படி மாறும் என்று சொல்லும் நேர்ன்ஸ்ற் சமன்பாட்டின்படி ஒவ்வொரு பத்து மடங்குக்கும் 30 மில்லிவோல்ட் அளவில் குறைய வேண்டும். அப்படி வராது. செறிந்த பக்கத்தில் மாற்றம் நன்றாகக் குறைவாக இருக்கும், ஐதாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக 30 ஐ நோக்கிப் போகும். ஏனென்றால் செறிந்த கரைசலில் செப்பு அயன்களைச் சல்பேற்று அயன்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன, போத்தலில் எழுதியிருக்கும் செறிவு முழுவதும் தாக்கத்துக்குக் கிடைப்பதில்லை. இதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லாதீர்கள். அளந்து, மூன்று தரம் திரும்ப அளந்து, வரைபு கீறி, ஏன் 30 வரவில்லை என்று அவர்களே சண்டை பிடிக்கட்டும். செப்புத் தகட்டை ஒவ்வொரு முறையும் மணற்கடதாசியால் தேய்த்துக் கழுவ மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் வாசிப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.