மணாலி–காசா மழைப் பயணம்: கேள்வி பதில்

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இமாச்சலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து கிராம்பூ, பாத்தல், குன்சும் கணவாய் வழியாக ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் காசாவுக்கு நண்பர்களோடு பைக்கில் போகிறவர்கள் கேட்கலாம் என்றேன்; கேட்டுத் தள்ளிவிட்டீர்கள். ஒரே கேள்வி திரும்ப வந்தால் பதில் சுருங்கும். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடையிலும் சொல்வேன்: பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

கோவை வாசகர்: ஸ்பிதி மழைமறைவுப் பகுதிதானே சார்? மழைக்கோட்டு எதற்கு?

ஸ்பிதி மழைமறைவுப் பகுதிதான். மணாலி அல்ல. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறந்த பிறகு, ரோத்தாங் கணவாய் ஏறாமலே ஒன்பது கிலோமீட்டரில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விடலாம். ஆனால் சுரங்க வாசலுக்கு வருவதற்குள்ளேயே நனைந்துவிடுவீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிர் கூடும். சுமார் 2,000 மீட்டரில் இருக்கும் மணாலியில் பதினைந்து டிகிரி என்றால், 4,500 மீட்டரைத் தாண்டிய குன்சுமில் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 2023 ஜூலை மழையில் சந்திரதால் ஏரிப் பக்கம் இருநூறு பேருக்கு மேல் நாட்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அந்த ஜூலையில் அங்கே பனியும் விழுந்தது.

ஓசூர் வாசகர்: அண்ணா, நாலா கடப்பதுதான் பயமாக இருக்கிறது. விளக்கமாகச் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. சத்ரு என்ற ஊரிலிருந்து பாத்தல் வரை சாலைக்குக் குறுக்கே இறங்கும் ஓடைகளில் (இவைதான் நாலா) வருவது பெரும்பாலும் பனி உருகிய தண்ணீர். வெயில் ஏற ஏற உருகும். மதியத்துக்கு மேல் பெருகும். காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு இருந்த நாலா, மூன்று மணிக்கு முழங்காலைத் தாண்டலாம். ஆகவே விடியற்காலையில் கிளம்புங்கள். இட்லி, பூரி என்று மணாலியில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருக்கும் குழுதான் மாலையில் தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது.

போனவுடன் பாயாதீர்கள். நின்று பாருங்கள், முன்னால் ஒரு ஜீப் போனால் அதன் சக்கரம் எவ்வளவு மூழ்குகிறது என்று பாருங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்து, அடியில் கல் உருளும் சத்தம் கேட்டால் காத்திருங்கள். அமைதியான இடம் ஆழமான இடம். சலசலக்கும் இடத்தில்தான் ஆழம் குறைவு. முதல் கியர், ஒரே சீரான வேகம், பார்வை எதிர்க்கரையில். நடுவில் கிளட்சைப் பிடித்தால் வண்டி நின்றுவிடும், வழுக்குக் கல்லில் கால் ஊன்ற வேண்டியிருக்கும், பிறகு குளியல்தான். ஒரு வண்டி கரையேறிய பிறகே அடுத்தது இறங்க வேண்டும். உதவிக்கு நிற்கிறவர்கள் வண்டிக்கு மேல்நீர்ப் பக்கம் நிற்கட்டும். சாய்ந்தால் கீழ்நீர்ப் பக்கம் நிற்பவர் மேல்தான் விழும்.

விழுந்துவிட்டதா? முதலில் இன்ஜினை நிறுத்துங்கள். தூக்கியதும் செல்ஃப் பட்டனை அமுக்குகிற கை இருக்கிறதே, அதை யாராவது பிடித்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராட் வளையும். ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினைச் சுழலவிட்டு, தண்ணீர் பீய்ச்சி வெளியேறியபின் மாட்டுங்கள். பிளக் ஸ்பேனர் பையின் மேலேயே இருக்கட்டும்.

மதுரை வாசகர்: எந்த வண்டி நல்லது? என்னிடம் புல்லட் இருக்கிறது.

அதிலேயே போகலாம். பளு குறைந்த வண்டி என்றால் விழுந்தால் தூக்க எளிது, அவ்வளவுதான்.

திருச்சி வாசகர்: ஹிமாலயனா, எக்ஸ்பல்ஸா?

மேலே பாருங்கள்.

சேலம் வாசகர்: பல்சரில் போகலாமா?

மேலே.

சென்னை வாசகர்: என் ஜாக்கெட்டுக்குள்ளேயே தண்ணீர் புகாத லைனர் வருகிறது. தனியாக மழைக்கோட்டு தேவையா?

தேவை. மழைக்கோட்டு ஜாக்கெட்டுக்கு மேலேதான் இருக்க வேண்டும். லைனர் உங்களை நனையாமல் காக்கும், ஜாக்கெட்டைக் காக்காது. ஜாக்கெட் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அதன் மேல் காற்றடித்தால் மண்பானை குளிர்வதுபோல உங்கள் மார்பும் குளிரும். தவிர, லைனரை மாட்ட, கொட்டும் மழையில் ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டும்.

பெங்களூருவிலிருந்து ஒருவர்: ஏற்க முடியாது. பாறையும் சேறும் இருக்கும் வழியில் மேல்கோட்டு முதல் விழுகையிலேயே கிழிந்துவிடும். நின்றுகொண்டே ஓட்டும்போது உள்ளே வியர்த்து, மழை இல்லாமலே நனைவீர்கள். லைனர்தான் சரி.

வியர்வையைப் பற்றிச் சொன்னது நியாயம். ஏற்றத்தில் கழுத்து ஜிப்பைத் திறந்துவிடுங்கள். கிழிவதற்கு அகலமான ஒட்டுநாடா எடுத்துப் போங்கள். ஆனால் உங்கள் ஜாக்கெட் பையில் இருக்கும் பணம், ஆர்சி, போன் எல்லாம் லைனருக்கு வெளியேதானே இருக்கின்றன?

அதே பெங்களூருக்காரர்: பிளாஸ்டிக் கவரில் போட்டால் முடிந்தது. உங்கள் மழைக்கால்சட்டை சைலன்சரில் பட்டு உருகும், அதைச் சொல்லவில்லையே?

உருகும். வலது கால் உட்புறத்தைக் கட்டிவைத்து ஓட்டுங்கள். பாத்தல் தாபாவில் சாயங்காலம் நடப்பதைச் சொல்கிறேன். லைனர்க்காரர்கள் ஈர ஜாக்கெட்டை எங்கே தொங்கவிடுவது என்று ஆணி தேடுகிறார்கள். அது அங்கே ஓர் இரவில் காயாது. மறுநாள் காலை சில்லிட்ட ஈரத்துக்குள் கை நுழைக்க வேண்டும். மழைக்கோட்டுக்காரர் உதறி மடித்துவிட்டு நூடுல்ஸ் சாப்பிடுகிறார்.

பாண்டிச்சேரி வாசகர்: சண்டையே வேண்டாம். துணியோடு சேர்த்து ஒட்டிய உயர்தர லேமினேட் ஜாக்கெட் வாங்கினால் இரண்டும் தேவையில்லை.

உண்மை. விலையையும் சேர்த்து எழுதியிருந்தால் சண்டை உடனே நின்றிருக்கும். லைனர் விவகாரத்தில் இன்னும் நான்கைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டேன். கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஈரோடு வாசகர்: உள்ளே என்ன போடுவது? ஜீன்ஸ் போதுமா?

ஜீன்ஸ் பருத்தி. பனியன் பருத்தி. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காயவே காயாது. கம்பளியோ பாலியெஸ்டரோ போடுங்கள். கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஈரக் கையுறையைக் கழற்றும்போது உள்துணி விரலோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். பிறகு ஐந்து விரலும் ஐந்து ஓட்டைக்குள் போகாமல், மழையில் நின்று அதோடு மல்லுக்கட்ட வேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் மெல்லிய ரப்பர் கையுறையை உள்ளே போட்டுக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

கரூர் வாசகர்: குளிருக்கு ஒரு பெக் பிராந்தி?

வேண்டாம். தோலுக்கு இரத்தத்தை அனுப்பி, சூடானது போலக் காட்டி, உள்சூட்டை வெளியே விட்டுவிடும். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து. நிற்கும் இடங்களில் எல்லாரையும் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். தொட முடியாதவர், பேச்சுக் குழறுகிறவர் இனி ஓட்டக் கூடாது. ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போர்த்தி, இனிப்பான டீ கொடுங்கள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால், அது தேறிவிட்டதன் அடையாளம் அல்ல. உடனே ஜீப் பிடியுங்கள்.

நாகர்கோவில் வாசகர்: நாங்கள் பதினான்கு பேர். எப்படி வரிசையாகப் போவது?

இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பதினான்கு பேரும் ஒரே நாலாவைக் கடந்து முடிப்பதற்குள் முதலில் கடந்தவர் நனைந்த பூட்ஸோடு நெடுநேரம் நின்று விறைத்துவிடுவார். வழி தெரிந்தவர் முன்னால். அவருக்கு அடுத்து, குழுவிலேயே மெதுவாக ஓட்டுகிறவர். அவரைக் கடைசியில் விட்டால் எல்லாரும் தேநீர் குடித்து முடித்துக் கிளம்பும்போது அவர் வந்து சேருவார், ஓய்வே கிடைக்காது. கடைசியில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் வரட்டும். கருவிப்பையும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம். கிராம்பூ தாண்டினால் பெரும்பாலும் போன் சிக்னல் கிடையாது. ஆகவே பின்னால் வருபவரின் விளக்கு கண்ணாடியில் தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும். அவரவருக்குப் பின்னால் வருகிறவர் அவரவர் பொறுப்பு.

வேலூர் வாசகர்: டயர் காற்றை எவ்வளவு குறைப்பது?

கம்பெனி சொன்ன அளவிலிருந்து நான்கைந்து பிஎஸ்ஐ. ட்யூப் டயரில் அதற்குமேல் குறைத்தால், கல்லில் இடிக்கும்போது ரிம் ட்யூப்பைக் கடித்துவிடும். காற்றடிக்கும் பம்பு இல்லாதவர் குறைக்கவே வேண்டாம்.

திருநெல்வேலி வாசகர்: மலை நோய்க்கு மாத்திரை போடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள். நான் பைக் ஆள்.

தஞ்சாவூர் வாசகர்: பனியன் மட்டும் பருத்தியாக இருக்கலாமா?

தம்பி!

விழுப்புரம் வாசகர்: பெட்ரோல் எங்கே போடுவது? வண்டியை ரயிலில் அனுப்பலாமா?

மணாலியில் டேங்கை நிரப்புங்கள். அடுத்த பங்க் காசாவில்தான், ஏறத்தாழ 200 கிலோமீட்டர். கரட்டுப் பாதையில் முதல் கியரிலேயே ஊர்ந்தால் மைலேஜ் விழும். கூடுதலாக ஐந்து லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் அனுப்பலாம். டேங்கை முழுக்கக் காலி செய்தால்தான் ஏற்றுவார்கள். கண்ணாடிகளைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், ஆர்சி நகலை மறக்காதீர்கள். நீங்கள் கிளம்பும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.